உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு சுவர்

பிராங்க்ஸ்
ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்து

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், முழங்காலைத் தவிர, அது எப்போது சுகமாக இருந்தது, அதை விடு. நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை எலியாஸை நான் விசாரித்ததாகச் சொல். நீ பழுது பார்க்கிற ஹெலிகாப்டர்களையும் விசாரித்ததாகச் சொல், அவை விழாமல் இருக்க வேண்டும் என்று பாஸ்டரிடம் சொல்லித் தனியாக ஜெபம் செய்யவைத்திருக்கிறேன்.

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை மகளே, தீய்ந்தது என் வயிறுதான். கல்யாணத்தன்று தேவாலய வாசலிலிருந்து பாஸ்டர் நிற்கிற இடம் வரைக்கும் என் கையைப் பிடித்து அழைத்துவர அப்பாவைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன், நீ வருத்தப்படுவாயா அம்மா என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் நான் கத்திவிடுவேன், கத்தினால் நீ அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வருத்தமா என்று கேட்டால் அது இல்லை. பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ நிச்சயம் செய்துகொண்ட நாளிலிருந்து கடையில் யார் தலையையாவது பின்னிக்கொண்டே அந்த நடையை மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எந்தச் செருப்பு, எந்தத் தொப்பி, எந்த இடத்தில் முழங்கால் வலித்தால் உன் மேல் கொஞ்சம் சாய்ந்துகொள்வது என்பது வரைக்கும். அந்த நடையில் உன் பக்கத்தில் வேறு ஆள் யாரும் இல்லை.

உனக்கு அம்மை போட்டபோது ஓட்ஸ் மாவு கரைத்த தண்ணீரில் உன்னை உட்காரவைத்தது யார், உன் பள்ளிக்கூட நாடகத்தில் நீ மரமாக நின்றபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது யார். அந்த மனுஷன் அப்போது டெட்ராய்ட்டிலோ மெம்ஃபிஸிலோ ஏதோ ஒரு பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் உனக்கு அப்பாவின் குரல்கூடத் தெரியாது, ஃபியூஸ் என்ற பட்டப்பெயர்தான் தெரியும், ரேடியோவில் பாட்டுப் போடுகிறவன் நடுவில் "நம்ம ஃபியூஸுக்கு ஒரு வணக்கம்" என்று கத்தினால் நீ சோற்றுக் கரண்டியோடு எழுந்து அப்பா அப்பா என்று ரேடியோவைக் கட்டிக்கொள்வாய். அந்த ரேடியோவைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாமா என்று எனக்கு இருக்கும்.

அவர் வேலை என்ன என்று உனக்குப் பாட்டுக் கம்பெனி அட்டையில் அச்சடித்த பெரிய பதவிப் பெயர்தான் தெரியும். நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன். சின்ன வயதில் பார்க்கில் விளக்குக் கம்பத்தைத் திறந்து கரண்ட் இழுத்துப் பாட்டுப் போடுவார்களே, அந்தக் கூட்டத்தில் கம்பி கோர்க்கிறவர் இவர்தான், ஒரு தடவை மொத்தத் தெருவும் இருண்டுபோயிற்று, அன்றோடு கிளியோஃபஸ் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போய் ஃபியூஸ் ஆனார். பிறகு பாடுகிற பையன்களை ஊர் ஊராக அழைத்துப்போகிற வேலை. பாடகன் அரங்குக்குள் வரும்போது இவர் முன்னால் நடப்பார், இரண்டு கையையும் விரித்து, "வழி விடு, வழி விடு, ராஜா வர்றார்" என்று. கூட்டம் அப்படியே பிளந்து நிற்கும். அதை அவரைப் போல் செய்ய இந்த ஊரில் ஆள் கிடையாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவை நீ வயிற்றில் இருந்தபோது நானும் பின்னால் போனேன், பாடகன் உள்ளே போனான், கதவைச் சாத்திவிட்டார்கள், நான் மழையில் வெளியே நின்றேன். உன் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

அப்புறம் அவர் கடைசியாக அழைத்துப்போன பாடகன் ஜெரிக்கோவின் கதை உனக்குத் தெரியும். அந்தப் பையன் பாடிவிட்டு வெளியே வந்தான், இவர் வழக்கம்போல முன்னால் கையை விரித்து வழி விடச் சொல்லிக்கொண்டு போனார், கார் நிறுத்துகிற இடத்தில் பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள். இவர் திரும்பியபோது பையன் தரையில் கிடந்தான். அதன்பின் கம்பெனியை விட்டார், ரோமக் கோட்டு போடுவதை விட்டார், யாருக்கும் முன்னால் நடப்பதையும் விட்டார். நம் தெருவுக்கே திரும்பிவந்து உட்கார்ந்தார். பாட்டுக்குப் போஸ்டர் ஒட்டிய அதே பையன்களை வைத்து, ஹீட்டர் போடாத வீட்டுக்காரர்களின் பெயரைப் போஸ்டர் அடித்துக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினார். இரண்டு கூட்டம் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். நம் கட்டடத்தில் ஹீட்டருக்கு நீராவி வராமல் குழாய் மட்டும் டங் டங் என்று அடித்துக்கொண்டிருந்ததே, அந்தச் சத்தத்தையும் மூன்றாம் மாடி பகான் அம்மாவின் இருமலையும் பதிவு செய்து, இரண்டையும் சேர்த்துத் தாளமாகக் கட்டி, லாரியில் ஸ்பீக்கரை ஏற்றி, வீட்டுக்காரன் குடியிருக்கிற புல்வெளித் தெருவில் ஞாயிறு காலையில் போட்டார். இருமல் வருகிற இடத்தில் எல்லாரும் கைதட்டினார்களாம். சாயங்காலத்துக்குள் நம் வீட்டில் ஹீட்டர் சுட்டது. அந்தச் சூட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட எனக்கு எரிச்சல்தான் வந்தது ரெனீட்டா, இத்தனை வருஷம் கழித்து என் வீட்டைச் சூடாக்கினார், அதுவும் தெருவோடு சேர்த்து.

இப்போது தெருப் பிள்ளைகளுக்கு அவர் பாப்ஸ். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் வராது, யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் அம்மாவுக்கு எந்த ஷிஃப்ட், எல்லாம் தெரியும். உனக்கு என்ன ஆகாது என்று அவருக்குத் தெரியுமா, ஒரு நாள் கேட்டேன், விழித்தார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை உன் வேலையிடத்துக்குப் போன் செய்து அவசரம் என்றேன், நீ கடலுக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறாய் என்றார்கள். நீ திரும்பக் கூப்பிட்டபோது சும்மா உன் குரலைக் கேட்கத்தான் என்றேன். சும்மா இல்லை. அன்றைக்கு உன் அப்பா செத்துப்போயிருந்தார். பயப்படாதே, கல்லு மாதிரி இருக்கிறார், முழுக்கக் கேள்.

காலையில் கடையில் கூட்டம், ஈஸ்டர் நெருங்கிய நேரம், ஒரு பெண்ணின் தலையை அப்போதுதான் கழுவ ஆரம்பித்தேன். பகான் அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் துவரை போட்ட சோற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, "ஐயோ வீ, என்ன சொல்றதுன்னே தெரியல, நல்ல மனுஷன்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். யார் என்று கேட்டேன். "உனக்கு யாரும் சொல்லலியா? லாண்டரிக் கடைச் சுவத்துல ஃபியூஸு முகம் வந்துடுச்சு" என்றார். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் தெருவில் சுவரில் முகம் வந்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்பதற்கு வேறு சாட்சி கேட்கிறவர்கள் கிடையாது. மேகம், புறா, முகம், கீழே பெயர்கள். ஜெரிக்கோவுக்கும் அந்தக் காமாச்சோ வீட்டு நெல்சன்தான் வரைந்தான், அதற்கு அடுத்த சுவரும் அவன்தான், அதற்கடுத்ததும் அவன்தான். உன் அப்பாவோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் கூடாரம் போடப் போயிருந்தார், அங்கே போன் எடுக்காது. நெல்சன் வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டு, அக்காவுக்கு வளைகாப்பு என்று பென்சில்வேனியா போய்விட்டான். போன வருஷமே உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது எல்லாருக்கும் தெரியும். பிறகு என்ன, முடிந்தது.

நான் அழுதேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. தலை கழுவுகிற தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அந்தப் பெண் பாவம் சோப்புத் தலையோடு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், கடையில் இருக்கிற எல்லாரும் என்னை விடச் சத்தமாக அழுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. பதினோரு மணிக்குள் கடை முழுக்கத் தட்டுகள் வந்துவிட்டன, பொரித்த கோழி, சீஸ் மாக்கரோனி, பன்றித் தொடை, கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை. ஹேர் டிரையர்கள் மேலெல்லாம் கேக். நான் செத்தால் இதில் பாதி வருமா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், கடவுள் மன்னிக்கட்டும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள், என் பையனைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தார், என் மகளின் பட்டமளிப்புக்குக் கூடவே வந்து அழுதார் என்று. உன் பட்டமளிப்புக்கு அவர் வந்தது கடைசிப் பாட்டுக்கு, ரோமக் கோட்டோடு, அதுவும் கோடையில்.

அதற்கு மேல் ஒரேத்தா கெய்ன்ஸ் வந்தாள். தெருப் பிள்ளைகளுக்காக அவர் நடத்துகிற ஆபீஸில் கூட வேலை செய்கிறாளே, அவள்தான். வலை தொங்குகிற கருப்புத் தொப்பி. அத்தனை சீக்கிரம் அந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது, தயாராகப் பெட்டியிலேயே வைத்திருந்தாளா. என் நாற்காலியில் உட்கார்ந்து, "நமக்கு ரெண்டு பேருக்கும்தான் வீ பெரிய இழப்பு" என்றாள். நமக்கு ரெண்டு பேருக்கும். "நீ எப்பலேருந்துடி இந்தக் கணக்குல?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் எல்லாரையும் விட்டுவிட்டு, வேலை அங்கியோடு சுவரைப் பார்க்கப் போனேன்.

நல்ல படம்தான். வயதைக் குறைத்து, தாடையை எடுத்துக் காட்டி, உன் சிரிப்பை அவர் முகத்தில் வைத்திருந்தான், அது அவர் சிரிப்புதான், உனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதற்கும் கோபம் வந்தது. கீழே மெழுகுவர்த்திகள், கிழவர்கள் செத்தவருக்கு என்று ரம்மைத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்குக் கீழே வழக்கம்போல "இவர்களின் அன்புத் தந்தை" என்று எழுதிப் பெயர்கள். தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் இருந்தது. முதலிலிருந்து கடைசி வரை படித்தேன், பிறகு கடைசியிலிருந்து முதல் வரை. உன் பெயர் இல்லை. அந்த இடத்திலேயே என் அழுகை நின்றுபோயிற்று. உனக்கு முதலில் போன் செய்தது அதற்கு முன்னால், அதற்குப் பிறகு செய்யத் தோன்றவில்லை, உன்னிடம் என்னவென்று சொல்வேன்.

மறுநாள் ஞாயிறு, தேவாலயம் முடிந்து தெருவே அந்தச் சுவர் முன்னால் கூடியிருந்தது. மஞ்சள் பஸ் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்து கொசுக்கடியோடு, கழுத்தில் விசிலோடு உன் அப்பா இறங்கினார். ரம் ஊற்றிக்கொண்டிருந்த கிழவர் ஊற்றுவதை நிறுத்தவும் மறந்து மொத்தப் பாட்டிலையும் தன் ஷூவிலேயே கொட்டினார். உன் அப்பா கூட்டத்தைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்ல, "யாருப்பா போனது?" என்றார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "என் மூக்கு என்ன அவ்வளவு பெருசா?" என்றார். ஒரு வாரமாக அவரோடு கூடாரத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "பாப்ஸ், நீங்க செத்துட்டீங்களா? எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று ஓவென்று அழுதாள். ஒரேத்தா மயங்கி விழுந்தாள். மயங்குகிறவர்கள் நின்ற இடத்தில்தானே விழுவார்கள், இவள் நாலடி முன்னால் போய் விழுந்தாள், சரியாக அவர் கைக்குள்.

செத்தவருக்கு வந்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனசு வரவில்லை. லாண்டரிக் கடை வாசலில் மேஜை போட்டார்கள், உன் அப்பா தன் கருமாதிச் சாப்பாட்டைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரேத்தாவின் மாக்கரோனியை மறுபடி கேட்டு வாங்கினார், நான் பார்த்தேன், அது உப்பே இல்லாத மாக்கரோனி. சாப்பிட்டு முடித்ததும் ஒன்று செய்தார். தன் சுவரடியில் இருந்த மெழுகுவர்த்திகளையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கினார், யாரையும் தொடவிடவில்லை, தானே தூக்கிக்கொண்டு மூலையில் இருக்கிற ஜெரிக்கோ சுவரடியில் வரிசையாக வைத்துவிட்டு, அந்தப் பையனுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தார். தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். எத்தனை எரிச்சல் இருந்தாலும் அந்த மனுஷனைக் கவனிக்காமல் இருக்க எனக்கு இன்னும் வரவில்லை.

தட்டுகளைக் கழுவுகிற வேலை என் தலையில்தான் விழுந்தது, வேறு யார் தலையில் விழும். கடைத் தொட்டியில் கழுவி, அடியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன், அப்போது ஊர் திரும்பிய நெல்சன் வந்தான். ஊரே திட்டித் தீர்த்து முகம் தொங்கிப்போயிருந்தது. "செத்தவங்களையே வரைஞ்சு வரைஞ்சு கை மரத்துப்போச்சு வீ அக்கா. ஒரு தடவையாவது உயிரோட இருக்கிறவரை வரையணும்னு ஆசைப்பட்டேன். பழக்கதோஷம், மேகத்தையும் புறாவையும் சேர்த்துப் போட்டுட்டேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அது போகட்டும், பேரெல்லாம் போட்டியே, பெத்த பொண்ணு பேரு எங்கடா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்தான். எப்போதோ பேச்சுவாக்கில், உங்களுக்குச் சுவர் வரைந்தால் யார் யார் பெயர் போட வேண்டும் என்று உன் அப்பாவிடம் கேட்டானாம், அவரும் விளையாட்டு என்று நினைத்து ஒவ்வொரு பிள்ளையாகச் சொன்னாராம். சொந்த மகள் பெயர் என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். "அதை நான் சொல்ல முடியாது நெல்சன். நான் வளர்க்கல. அந்தப் பேரு அவ அம்மாவோடது, அவகிட்டக் கேளு, அவ குடுத்தா எழுது" என்றாராம். நெல்சன் என்னிடம் கேட்கப் பயந்துகொண்டு விட்டுவிட்டான்.

கையில் ஒரேத்தாவின் தட்டு இருந்தது, அதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக அந்த மனுஷன் உன்னைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். அவர் கொடுக்கவில்லை, எனக்கே விட்டு வைத்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டதும் பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை, ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நெல்சனை ஏணியோடு வரச்சொன்னேன். மேகத்தை அழித்து வெயில் போடு என்றேன், புறா இருந்துவிட்டுப் போகட்டும். உன் பெயரை எல்லாப் பெயருக்கும் மேலே எழுதச் சொன்னேன், ரெனீட்டா டில்லரி என்று, என் வீட்டுப் பெயரோடு. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்து பின்னால் நின்றார். படித்தார், தொப்பியைக் கழற்றினார், "நன்றி வீ" என்றார். "உனக்காக ஒண்ணும் பண்ணல" என்றேன். "தெரியும்" என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அந்த வாய்ப்பையும் கொடுக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். உன் கையை நான்தான் பிடித்து வருவேன். இதில் பேச்சுக்கு இடமில்லை, எலியாஸ் கெஞ்சினாலும் பாஸ்டர் சொன்னாலும் முடியாது. உன் அப்பா நமக்கு முன்னால் நடக்கட்டும். இரண்டு கையையும் விரித்து, வழி விடு, வழி விடு என்று அந்தப் பழைய குரலில் சொல்லிக்கொண்டு போகட்டும், அவரைப் போல் அதைச் செய்ய ஆள் இல்லை என்று முன்பே எழுதிவிட்டேன். ஜெரிக்கோவுக்குப் பிறகு அவர் யாருக்கும் முன்னால் நடந்ததில்லை, பயப்படுவார். பயந்தால் இதைச் சொல், எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் நீ பின்னால் நின்றுகொண்டிருப்பாய், உன் கை என் கையில் இருக்கும். எனக்கும் அவர் திரும்பிப் பார்ப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கர்த்தர் உன்னையும் எலியாஸையும் உன் ஹெலிகாப்டர்களையும் காக்கட்டும், உன் கால் படுகிற தரை உறுதியாக இருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் தொப்பி போடாதே, குளிரில் முடி ஒடிந்துவிடும், கல்யாணத்துக்கு நான் பின்னிவிட முடி வேண்டும். இதை அப்பாவுக்கு நீயே போன் செய்து சொல். நான் சொல்ல மாட்டேன், அவர் என் எதிரில் நின்று அழுதால் நானும் அழ வேண்டியிருக்கும், அதை ஒரேத்தா பார்த்துவிடுவாள்.

பொறாமை இன்னும் தீராத, உன்மேல் உயிரையே வைத்திருக்கிற
உன் அம்மா
வெர்னெஸ்ஸா டில்லரி